தேங்காய் உடைத்தது நாங்கள் அல்ல: தொழிலாளர் தினத்துக்கு மண்டபத்தைத் திருப்பிக் கேட்கும் மனு

அனுப்புநர்:
ஜென்சி எமிலியானுஸ்,
ஒழுங்கமைப்பாளர், திங்கட்கிழமை நாடகக் குழு,
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்.

பெறுநர்:
திரு. கணேசலிங்கம் அவர்கள்,
முகாமையாளர்,
லெ பூலோ சமூக நிலையம்,
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்.

விடயம்: 16.08.2025 சனிக்கிழமை நடந்தது ஆர்ப்பாட்டம் அல்ல, நாடக ஒத்திகை என்பதை விளக்குதலும், 01.09.2025 தொழிலாளர் தினத்துக்குத் தரப்பட்டு இரத்துச் செய்யப்பட்ட மண்டப அனுமதியை மீளக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்களது 20ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. அது பிரெஞ்சில் இருந்தது. நானும் பிரெஞ்சிலேயே வாசித்தேன். நன்றாக விளங்கியது, கோபமும் வந்தது. பதிலை மட்டும் தமிழில் எழுதுகிறேன். போன சித்திரையில் லவாலில் நடந்த கலியாணத்தில் நாம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டது தங்களுக்கு நினைவிருக்கும். நாடகம் பற்றி நான் சொன்னதும், "நல்ல விசயம் தங்கச்சி, செய்யுங்கோ, மண்டபம் நான் தாறன்" என்று தாங்கள் சொன்னது தமிழில்தான். தமிழில் தந்ததைப் பிரெஞ்சில் பறித்திருக்கிறீர்கள். ஆகவே பேச்சை அது தொடங்கிய மொழிக்கே கொண்டு வருகிறேன்.

1. முதலில் நாங்கள் யார் என்பது. தங்கள் கடிதத்தில் எங்களை "அடையாளம் தெரியாத ஓர் அமைப்பு" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் பதினான்கு பேர். நானும் சர்மிளாவும் மருத்துவமனையில் நோயாளர்களைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, சாப்பாடு தீத்தும் உதவியாளர்கள். புஷ்பவதி அக்கா ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறார். மகேந்திரராசா அண்ணை அலுவலகக் கட்டடங்களில் குப்பை எடுக்கிறார். அரியரத்தினம் அண்ணைக்கு வெதுப்பகத்தில் வேலை, திருவிழாக் காலம் வந்தால் தவில். மற்றவர்களும் இந்த மாதிரியான வேலைகளில்தான் இருக்கிறார்கள். இதற்கு முன் எங்களில் ஒருவரும் மேடை ஏறியதில்லை. இப்போது ஏறியே தீருவது என்று நிற்கிறோம்.

2. நாடகம் பஸ் தரிப்பிடத்தில் தொடங்கியது. போன வருடம் தொழிலாளர் தினத்துக்குச் சற்று முன்னர், அந்த விடுமுறை எதற்காக விடுகிறார்கள் என்று நான் பொதுவாகக் கேட்டேன். புஷ்பவதி அக்கா, "சம்மர் முடிஞ்சுதெண்டு விடுற லீவாக்கும்" என்றார். அரியரத்தினம் அண்ணை அது மகாராணியின் பிறந்தநாள் என்று சத்தியம் பண்ணாத குறை. எங்கள் பெயரில் ஒரு நாள் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது என்பது எனக்குப் பெரிய அந்தரமாக இருந்தது. நூலகத்துக்குப் போனேன். போனவள் அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் சோறு சில நாட்கள் குழைந்தும் போனது.

3. நாடகத்தில் நான்கு காட்சிகள். முதலாவது, 1882ஆம் ஆண்டு செப்டெம்பர், நியூயோர்க். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர்வலம் போவதென்று தொழிலாளர்கள் முடிவு செய்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் ஆட்கள் சொற்பம், வாத்தியமும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள், பேசாமல் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம். அந்த நேரம் பக்கத்து ஊரிலிருந்து நகைத் தொழிலாளர்கள் வாத்தியக் குழுவோடு வந்து சேர, போகப் போகக் கூட்டம் கூடி ஆயிரக்கணக்காகிவிட்டது. கடைசியில் எல்லோரும் பூங்காவில் சாப்பிட்டுக் குடித்துப் பேச்சும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்களிடம் அந்த வாத்தியங்கள் இல்லை. ஆகவே தவில் வைத்தோம்.

இரண்டாவது, 1912ஆம் ஆண்டு லோரன்ஸ் நகரத்து நெசவாலைகள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. முதலாளிமார் நேரத்தோடு சேர்த்துச் சம்பளத்தையும் குறைத்தார்கள். பெண்கள் நெசவு இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஆலை முன்னே கூடி நிற்கக் கூடாது என்று தடை வந்தபோது, நிற்காமல் நடந்தார்கள். ஆலைகளைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர், இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசியவர்கள், முடிவில்லாமல் நடந்துகொண்டேயிருந்தார்கள். பனிக்காலம் முடிவதற்குள் வென்றும் விட்டார்கள். இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வளவு சந்தோசம்.

மூன்றாவது, 1937இல் முடிந்த ஃபிளின்ட் நகரத்துக் கார்த் தொழிற்சாலை வேலைநிறுத்தம். அங்கே தொழிலாளர்கள் வெளியே போகாமல் தொழிற்சாலைக்குள்ளேயே வாரக்கணக்கில் குந்தியிருந்தார்கள். எங்கள் குழு ஆண்களுக்கு வசனம் பாடமாகாது. ஆகவே இந்தக் காட்சியை அவர்களுக்குக் கொடுத்தோம். இருக்கச் சொன்னால் அருமையாக இருக்கிறார்கள். நான்காவது காட்சி, 1968இல் மெம்ஃபிஸ் நகரத்துக் குப்பை அள்ளும் தொழிலாளர்கள். அவர்கள் "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய பதாகைகளை ஏந்தி வரிசையாக நடந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

4. கியூபெக்கில் இருந்துகொண்டு அமெரிக்க வரலாறு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நெசவாலை நகரங்களில் வேலை செய்தவர்களில் கியூபெக்கிலிருந்து பிழைப்புத் தேடிப் போன குடும்பங்கள் ஏராளம். எல்லை தாண்டிப் போய், தெரியாத மொழியில் வேலை செய்து, ஒரே அறையில் நாலைந்து பேராகப் படுத்தவர்கள். இந்தக் கதை கோட்-டெ-நெய்ஜில் யாருக்கு விளங்காது? தவிர, விடுமுறை அங்கும் இங்கும் ஒரே திங்கட்கிழமைதான். லீவை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிடுவது சரியில்லை.

5. இனி 16ஆம் திகதிக்கு வருகிறேன். அன்று காலை எங்களுக்கு மேல்மாடி அறை ஒத்திகைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தங்கள் அலுவலகம் தந்த உறுதிப்படுத்தல் என்னிடம் இருக்கிறது. வந்து பார்த்தால் அறைக்குள் சும்பா நடனம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களும் காசு கட்டித்தான் வந்திருந்தார்கள், அவர்களோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. வெயிலும் நல்ல வெயில். லோரன்ஸ் காட்சிக்கு ஒரு ஆலை வேண்டும், நிலையத்தின் கட்டடமோ சிவப்புச் செங்கல். வெளியே போய் அதைச் சுற்றி நடந்து பழகுவோம் என்று நான்தான் சொன்னேன். தாங்கள் உள்ளே அலுவலக அறையில் இருந்தது சத்தியமாக எங்களுக்குத் தெரியாது.

6. அரியரத்தினம் அண்ணை தவிலை மாட்டினார். புஷ்பவதி அக்கா நாடகக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் வந்துகொண்டு, "ஒருத்தரும் நிக்கப்படாது, நிண்டால் பொலிஸ் பிடிக்கும், சுத்திக்கொண்டே இருங்கோ" என்று கத்தினேன். அது 1912ஆம் ஆண்டுப் பொலிசைப் பற்றியது. தெருவில் போனவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். புஷ்பவதி அக்கா கட்டடத்தை வலமாகச் சுற்றினார். அவருக்குச் சுற்றுவதென்றால் ஒரு விதமாகத்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் முன்வாசலுக்கு வந்ததும், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். நான் வேதக்காரி, என் கையும் என்னை அறியாமல் சிலுவை போட்டது. முன்வாசலுக்கு மேலே இருப்பது தங்கள் அலுவலக யன்னல் என்பதைத் தங்கள் கடிதம் பார்த்தே அறிந்தேன்.

7. ஐயா, அது நல்லூர்த் திருவிழாக் காலம். முதல்நாள்தான் மடு மாதா திருநாள். தவில் அடிக்கிறது, சேலை கட்டிய பெண்கள் ஒரு கட்டடத்தை வலம் வருகிறார்கள், வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். எங்கள் சனம் என்ன நினைக்கும்? இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா என்னிடம், "எந்தக் கோயில் பிள்ளை?" என்று கேட்டார். இது கோயில் இல்லை, நெசவாலை என்றேன். "ஆராயிருந்தால் என்ன, சாமிதானே" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துவிட்டார். பத்து நிமிடத்துக்குள் நடைபாதை ஓரம் செருப்புகளால் நிறைந்தது. பின்னால் சிலர் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருப் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள், எந்தப் புனிதர் என்று விசாரித்துக்கொண்டே பிள்ளைகளோடு வந்தார்கள். இவர்களில் யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. ஆனால் போகச் சொல்லவும் வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோசமாக நடந்தார்கள்.

பதாகைகளை வாசித்துவிட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. "சம்பளத்தை வெட்டாதே" என்று சர்மிளா தூக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பேனாட் என்றொரு தம்பி, உணவகத்தில் கோப்பை கழுவுபவர், ஏப்ரனோடு ஓடி வந்தார். "அக்கா, இது எந்த முதலாளிக்கு? எங்கட ஆளுக்கும் சேத்துச் சொல்லலாமோ?" என்று கேட்டார். அவர் இப்போது எங்கள் குழுவின் பதினைந்தாவது உறுப்பினர்.

8. பொலிஸ் வந்தது உண்மை. இருவர் வந்தார்கள். போன்ஜூர் சொன்னார்கள். பாதையை மறித்துக்கொண்டு நிற்க வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? அவர்களில் ஒரு பெண் தேங்காய்ச் சில்லு ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டு போனார். எச்சரிக்கை என்று எதுவும் எங்களுக்குத் தரப்படவில்லை.

9. தேங்காய்க் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நாங்கள் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. எதிர்ப்பக்கக் கடையில் வாங்கி வந்து நடைபாதை விளிம்பில் உடைத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டதும் அரியரத்தினம் அண்ணை பழக்கத்தில் தவிலின் வேகத்தைக் கூட்டிவிட்டார், அதனால் இன்னும் நாலு தேங்காய் உடைந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நடைபாதை அசுத்தப்படுத்தப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எங்கள் குழு இலேசில் மன்னிக்காது. எங்களில் பாதிப் பேர் இந்த நகரத்தைத் துடைத்துத்தான் சோறு தின்கிறோம். முடிந்ததும் விளக்குமாறு கேட்டு வாங்கி, சில்லு, சிரட்டை, தும்பு எல்லாம் கூட்டி அள்ளினோம். அங்கு முன்பே கிடந்த சிகரெட் துண்டுகளையும் சேர்த்துத்தான் அள்ளினோம். அந்த நடைபாதை அப்படிச் சுத்தமாக நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

10. "நிலைய நிர்வாகத்துக்கு எதிரான கோஷங்கள்" என்பதும் சரியல்ல. எங்கள் கோஷங்கள் எல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய ஆலை முதலாளிகளுக்கு எதிரானவை. தாங்கள் யன்னல் சீலையை இழுத்து மூடியதையும், சிறிது நேரத்தில் அதன் ஓரத்தால் எட்டிப் பார்த்ததையும் மகேந்திரராசா அண்ணை கண்டிருக்கிறார். கீழே இறங்கி வந்து, "என்ன ஜென்சி இது?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், விளங்கப்படுத்தி, கையில் ஒரு பதாகையும் தந்திருப்பேன்.

அது போகட்டும். மாசி மாதத்திலிருந்து பழுதாகிக் கிடந்த லிஃப்ட் எங்கள் ஒத்திகைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து திடீரென்று வேலை செய்கிறது. நாங்கள் மூன்று முறை எழுதிக் கேட்டபோது உதிரிப் பாகம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்று பதில் வந்தது. சனிக்கிழமை நாங்கள் லிஃப்ட் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இருந்தாலும் நன்றி. புஷ்பவதி அக்காவின் முழங்காலும் நன்றி சொல்லச் சொன்னது. சுற்றி நடந்தால் காரியம் நடக்கும் என்று வாசித்தபோது அரை மனதோடுதான் நம்பினேன். இப்போது முழுதாக நம்புகிறேன்.

11. மகேந்திரராசா அண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேசாதவர். மெம்ஃபிஸ் காட்சியில் அவருக்கு வசனம் இல்லை, பதாகை மட்டும்தான். அதைத் தமிழில் எழுதுவதா பிரெஞ்சில் எழுதுவதா என்று கேட்டேன். "ரெண்டிலயும் எழுது, விளங்காமல் விடக்கூடாது" என்றார். மழைநாளில் குப்பை வண்டிக்குள் அகப்பட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்த பிறகுதான் அந்த வேலைநிறுத்தம் தொடங்கியது என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லோரும் பதாகைகளை அடுக்கினோம். அவர் தன்னுடையதைத் தரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டே மெட்ரோவில் ஏறி வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னார்: "பெட்டிக்குள்ள இருந்த எல்லாரும் வாசிச்சவை. ஒரு கிழவன் எழும்பி இருக்க இடம் தந்தான். நான் இருக்கேல்ல, நிண்டுகொண்டுதான் போனனான்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதை நான் கேட்டதேயில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

12. நாடகத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று தாங்கள் எழுதியிருப்பதற்கு என் பதில் இது. வேறொரு நாள் கிடையாது. எங்களுக்குச் சனி, ஞாயிறு என்று ஒன்றும் இல்லை. ஒருவர் இரவு வேலை, மற்றவர் விடிய வேலை, ஒருவருக்கு லீவு வரும் நாள் மற்றவருக்கு இரட்டை வேலை. இந்த ஒரு பொழுதைப் பிடிக்க நாங்கள் தை மாதத்திலிருந்து ஆளாளுக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். சர்மிளா என்ன செய்தாள் தெரியுமா? செப்டெம்பர் முதலாந் திகதி லீவு கிடைப்பதற்காக, கூட வேலை செய்யும் ஒரு ஹெயிட்டிப் பெண்ணின் டிசம்பர் 25 நத்தார் நாள் வேலையைத் தான் செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நத்தாருக்கு அவர்கள் அம்மா இல்லாமல்தான் பூசைக்குப் போவார்கள். அவள் அதைச் சொல்லி ஒரு நாளும் மூக்கைச் சிந்தவில்லை. "பிள்ளையளுக்கு நான் மேடையில நிக்கிறதைக் காட்டவேணும். நத்தார் வருசாவருசம் வரும்" என்று சிரித்தாள். தாங்கள் மண்டபத்தை இரத்துச் செய்தாலும் அந்த நத்தார் வேலை இரத்தாகாது. தங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் முழுக்க இதற்காகத்தான்.

13. ஆகவே கேட்கிறோம். இரத்துச் செய்த அனுமதியைத் திருப்பித் தாருங்கள். எங்கள் கோப்பில் ஏற்றிய ஆர்ப்பாட்டக் குறிப்பை நீக்கி, ஒத்திகை என்று எழுதுங்கள். அன்று மேல்மாடியில் சும்பா வைக்க வேண்டாம், அல்லது அந்தப் பெண்களையும் கீழே இறங்கி வரச் சொல்லுங்கள். நியூயோர்க் ஊர்வலக் காட்சிக்கு எங்களுக்கு ஆட்கள் போதாது. முடிவில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. அரியரத்தினம் அண்ணை மீன் வைத்த மாலுபாணும் றோலும் சுட்டுத்தரப் பொறுப்பெடுத்திருக்கிறார். அனுமதி இலவசம், முன்வரிசையில் தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் இடம் வைத்திருக்கிறோம்.

14. நேற்று இரவு குழு கூடியது. தங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். புஷ்பவதி அக்கா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "அவர் மண்டபத்தைத்தானே பூட்டுவார்? ரோட்டைப் பூட்டேலாதே?" அதன் பிறகு விவாதிக்க எதுவும் இருக்கவில்லை. கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கையும் எழும்பியது, புதிதாக வந்த பேனாட் இரண்டு கையையும் தூக்கினார். செப்டெம்பர் முதலாந் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு, லெ பூலோ சமூக நிலையத்தில் நாடகம் நடக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. அறிவித்தலும் கடைகளில் ஒட்டியாயிற்று.

எனவே ஐயா, தாங்கள் முடிவெடுக்க மிச்சமிருப்பது ஒன்றுதான். அன்றைக்குக் கதிரைகளை உள்ளே அடுக்குவதா, வெளியே அடுக்குவதா என்பதை வியாழக்கிழமைக்கு முன் அறியத்தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு உற்சாகத்தோடு காத்திருக்கும்

ஜென்சி எமிலியானுஸ்
(குழுவினர் பதினைந்து பேருக்காகவும்)

இடம்: மொன்றியல்
திகதி: 22.08.2025